தொட்டறிய விரும்பிய திருத்தூதர் புனித தோமையார்

இயேசு ஆண்டவர் தேர்ந்துகொண்ட பன்னிரு சீடர்களுள் ஒருவர் புனித தோமையார். இவருக்குத் திதிமு என்ற பெயரும் உண்டு. இரு பெயர்களுக்கும் இரட்டையர் என்பதே பொருள்.

தோமையார் என்றவுடன் அவருடைய சந்தேகமே நம் நினைவுக்கு வருகிறது. அவருடைய துணிவை நாம் மறந்துவிடுகிறோம். லாசர் இறந்தபோது, யூதேயாவிற்குத் திரும்பிச் செல்வது ஆபத்து என்று சீடர்கள் அஞ்சினர். அப்போது ஆண்டவரோடு சென்று சாகவும் முன்வந்து, மற்றவரையும் அழைத்தவர் தோமையாரே.

உயிர்த்த ஆண்டவர் முதலில் சீடர்களுக்குக் காட்சி தந்தபோது தோமையார் அங்கில்லை. காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்ப மறுத்துவிட்டார். எட்டு நாட்களுக்குப் பின் ஆண்டவர் மீண்டும் வந்தார். அவரை ஒதுக்கிவிடாமல் தம் காயங்களையே காட்டினார். அக்கணமே தோமையார் அவரைக் கடவுள் என்று அறிக்கையிட்டார்.

இதன்பின் அவர் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார் என்பது பழைய மரபு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘தோமாவின் பணிகள்’ என்னும் சிரியாக் நூல், அவர் கொந்தபோரஸ் என்ற மன்னனிடம் வந்ததாகக் கூறுகிறது. அரண்மனை கட்டத் தந்த பணத்தை அவர் ஏழைகளுக்கு வழங்கி, மன்னனுக்கு விண்ணுலகில் மாளிகை எழுப்பினாராம். அப்படி ஒரு மன்னன் இருந்ததே இல்லை என்று பலர் எண்ணினர். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் வடமேற்கில் கிடைத்தன. தக்த்-இ-பாஹி என்னுமிடத்துக் கல்வெட்டைக் கொண்டு, அவன் முதல் நூற்றாண்டில் ஆண்டவன் என்றும் கணித்தனர். மன்னன் இருந்தது இதனால் உறுதியாயிற்று. ஆயினும் தோமையார் அங்கு வந்தார் என்பதற்கு அந்த நாணயம் சாட்சியாகாது.

தென்னாட்டு மரபின்படி தோமையார் கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் வந்திறங்கினார். பின்னர் மயிலாப்பூருக்கு வந்து, கி.பி. 72இல் ஈட்டியால் குத்துண்டு வேதசாட்சியாக மரித்தார். அவருடைய எலும்புகள் எதெஸ்ஸா நகருக்கும், 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டன என்பர். 1523இல் போர்த்துக்கீசியர் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டியபோது எலும்புகளும், ஈட்டி முனையும், மண் நிறைந்த கலமும் கிடைத்ததாக எழுதிவைத்தனர். எலும்புகள் வெளிநாடு சென்றிருந்தால் இங்கே கிடைத்தவை யாருடையவை என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

1547இல் பரங்கிமலையில் கோயில் கட்டத் தோண்டியபோது ஒரு கற்சிலுவை வெளிப்பட்டது. மேலே புறாவும், சுற்றிலும் புரியாத எழுத்துகளும் அதில் இருந்தன. தோமையாரே தம் கையால் அதைச் செதுக்கினார் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த நூற்றாண்டிலேயே ஒரு பண்டிதர் அவ்வெழுத்துகளைப் படித்து, தோமையாரின் வரலாறு அதில் உள்ளது என்றாராம். தஞ்சை சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்த பர்னெல் துரை, 1873இல் அவை பாரசீகத்தின் பகலவி எழுத்துகள் என்று காட்டினார். அவற்றின் காலம் ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டு என்றார். இதே எழுத்துள்ள சிலுவைகள் கோட்டயத்திலும் உள்ளன. அந்த வரி இரக்கம் வேண்டும் ஒரு மன்றாட்டு என்பதே இக்கால அறிஞர் பலரின் கருத்து.

அப்படியானால் பாட்டிமார் சொன்னது பொய்யா? அவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் கேட்டதை அன்போடு நமக்குத் தந்தார்கள். நம் தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பற்றியும் எத்தனையோ கதைகள் கேட்கிறோம். கதைக்கும் கல் சொல்லும் வரலாற்றுக்கும் வேறுபாடு உண்டு என்று வகுப்பில் படிக்கிறோம். அந்த நேர்மையை நம் சமயக் காரியங்களிலும் நாம் காட்டவேண்டாமா? தோமையார் செதுக்கியது அல்ல என்பதால் சிலுவையின் பெருமை குறைவதில்லை. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கடல் கடந்து வந்த கிறிஸ்தவர்கள் இந்த மண்ணில் முழந்தாளிட்டுச் செபித்தார்கள் என்று அது சொல்கிறதே!

1986 பிப்ரவரி 5ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சாந்தோம் கல்லறையில் வந்து செபித்தார். வாதங்கள் முடிந்த பின்புதான் செபிக்க வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. செபிப்பவர் ஆராயக்கூடாது என்பதும் இல்லை.

ஆராய்ந்து கேட்ட சீடரை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. ஆகவே அவருடைய கல்லறையையும் சிலுவையையும் அறிஞர்கள் ஆராய்வதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. உண்மை எதுவோ அதை உண்மை என்றும், மரபு எதுவோ அதை மரபு என்றும் கூறும் துணிவை நாம் பெறுவோமாக. ஜூலை 3ஆம் நாள் அவர் திருவிழாவைக் கொண்டாடும்போது, அவருடைய சந்தேகத்தோடு அவருடைய துணிவையும் நினைவில் கொள்வோமாக!