கரண்ட் போனாலும் மறக்காத சிப்: யார் இந்த தாவோன் காங்?

வீட்டு ரூட்டரை அப்டேட் செய்யும்போது உள்ளே என்ன நடக்குது? அப்டேட் செய்யும் நிரல், ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும் பழைய மென்பொருளை பிளாக் பிளாக்காக அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறது. இதற்கு அஸ்திவாரம் போட்டவர் தாவோன் காங்.

சியோலில் 1931-ல் பிறந்த இவர், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1967-ல் சக விஞ்ஞானி சைமன் ஸீயுடன் 'மிதக்கும் கேட்' அமைப்பை உருவாக்கினார். சுற்றிலும் மின்சாரம் கடத்தாத அடுக்கு. உள்ளே புகுந்த எலெக்ட்ரான்கள் கரண்ட் போனாலும் அங்கேயே இருக்கும், அதுதான் நினைவு. நிரல் அழிக்கச் சொன்னால், உயர் மின்னழுத்தம் அவற்றை வெளியே இழுத்துவிடும்.

இதை வைத்து 1980-களில் ஃபிளாஷைக் கொண்டுவந்தவர் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா. அது எல்லார் கைபேசிக்குள்ளும் வருவதைப் பார்க்க காங் இல்லை. 1992-லேயே 61 வயதில் காலமாகிவிட்டார். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் தேசியப் புகழரங்கில் அவர் பெயர் ஏறியது 2009-ல்தான்.