இடது கை கீழே இறங்கினால்

எங்க அப்பாரு என்னை ஆனைமலைப் பக்கம் ரேக்ளா பார்க்கக் கூட்டிட்டுப் போவார். அங்கே பாதிப் பேர் மாட்டைப் பார்த்துப் பந்தயம் கட்ட மாட்டாங்க. வண்டி யாரோடதுன்னு கேட்டுட்டுத்தான் கட்டுவாங்க. ஜாக் ஜான்சன் கதையைப் படிச்சப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு.

1910 ஜூலை 4, அமெரிக்காவின் ரீனோ நகரம். ஹெவிவெயிட் சாம்பியன் ஜான்சன் கறுப்பர், வயசு 32. எதிரே ஜிம் ஜெஃப்ரீஸ், வெள்ளைக்காரர், வயசு 35. ஜெஃப்ரீஸ் தோற்றதே இல்லை, ஆனா 1905-லயே ஓய்வு பெற்று விவசாயம் பார்க்கப் போயிட்டார். உடம்பு 135 கிலோவைத் தாண்டியிருந்தது. பட்டம் ஒரு கறுப்பரிடம் இருப்பது பொறுக்காமல் பத்திரிகைகள் நச்சரிச்சு அவரைத் திரும்ப இழுத்துட்டு வந்தாங்க. முப்பது கிலோவுக்கு மேல குறைச்சுட்டு வந்து நின்னார். அஞ்சு வருஷம் கையுறை மாட்டாத மனுஷன். ஆனாலும் பந்தயப் பணம் பெரும்பாலும் அவர் மேலதான் விழுந்தது! கணிப்புன்னு பேரு, உள்ளே இருந்தது வெறும் ஆசை.

ஜான்சன் அவசரமே படலை. சிரிச்சுப் பேசிக்கிட்டே அடிச்சார். 45 ரவுண்டுக்குப் போட்ட சண்டை 15-வதுலயே முடிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி பல ஊர்களில் கலவரம். செத்தவங்களில் பெரும்பாலானோர் கறுப்பர்கள்.

இந்த இடத்துக்கு அவர் வந்த வழியையும் சொல்லணும். 1878-ல் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுக ஊரில், அடிமைகளாக இருந்து விடுதலையான அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர். 1901-ல் ஜோ சாய்ன்ஸ்கி என்ற அனுபவசாலி அவரை மூன்றாவது ரவுண்டில் சாய்ச்சார். அப்போ டெக்சாஸில் குத்துச்சண்டையே சட்டவிரோதம். ரெண்டு பேரையும் பிடிச்சு ஒரே ஜெயிலில் போட்டாங்க. அடிச்சவரே உள்ளே வாத்தியார் ஆனார். அடி வாங்காமல் நழுவும் வித்தையை ஜான்சன் அங்கேதான் தேத்திக்கிட்டார். பிறகு சாம்பியன் டாமி பர்ன்ஸைத் துரத்தித் துரத்தி, 1908-ல் சிட்னியில் பட்டத்தைப் பிடிச்சார்.

வெள்ளைக்காரப் பெண்களோடு வெளிப்படையாக வாழ்ந்ததுக்காக 1913-ல் அவர் மேல் வழக்கு, தண்டனை. நாட்டை விட்டு ஓடி, 1915-ல் ஹவானாவில் பட்டத்தை இழந்து, 1920-ல் சரணடைஞ்சு, ஏறக்குறைய பத்து மாசம் ஜெயில். (அந்தத் தண்டனைக்கு மன்னிப்பு 2018-ல்தான் வந்தது!) நம்ம ஆட்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: 1922-ல் அவர் ஒரு ரெஞ்ச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். ரெஞ்ச்சையே அவர்தான் கண்டுபிடிச்சார்னு வர்ற ஃபார்வர்டை நம்பாதீங்க. ஏற்கெனவே இருந்ததை மேம்படுத்தினார், அவ்வளவுதான்.

எனக்குப் பிடிச்ச பகுதி இதுக்கு அப்புறம்தான். 1936-ல் ஜோ லூயி எனும் இளைஞர் தோல்வியே இல்லாமல் வந்துகிட்டிருந்தார். கறுப்பர்களுக்கு அவர் தெய்வம் மாதிரி. எதிரே ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங், வயசானவர், முடிஞ்சு போனவர்னு எல்லாரும் எழுதிட்டாங்க. ஜான்சன் மட்டும் ஷ்மெலிங் ஜெயிப்பார்னு ஊரறியச் சொன்னார், பணமும் கட்டினார். லூயி இடது கையால் குத்திட்டு அந்தக் கையைத் தாழ்த்தியே திருப்புறார், அந்த இடைவெளியில் ஒரு வலது குத்து நுழையும் என்பது அவர் கணக்கு. ஷ்மெலிங்கும் அதையேதான் பிடிச்சு வெச்சிருந்தார். ஜூன் 19-ல் நியூயார்க்கில் 12-வது ரவுண்டில் லூயி விழுந்தார்.

சுத்தமான கணிப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. லூயியின் ஆட்கள் ஜான்சனை அண்டவிடலை. அவரை மாதிரி நடக்கக்கூடாதுன்னே லூயிக்குச் சட்டம் போட்டிருந்தாங்க, வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுத்துக்கக்கூடாது என்பது வரைக்கும். அந்தக் காயம் அவருக்குள் இருந்திருக்கும். ஜெயிச்சதும் அவர் பெருமையடிச்சுக்கிட்டது சொந்த ஜனங்களுக்கே கசந்தது. ஆனாலும் அந்த இடது கை தாழ்ந்தது நிஜம்தானே?

1946 ஜூன் 10. வட கரோலினாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. பின்பக்கம் போய்ச் சாப்பிடச் சொன்னாங்க. அறுபத்தெட்டு வயசு ஜான்சன் கோபத்தோடு காரை எடுத்து, எப்போதும் போல வேகமாக ஓட்டினார். ராலே ஊருக்கு அருகே கார் கம்பத்தில் மோதியது.