கன்னத்தில் கைவைத்துச் சிரிக்கவைத்த அகதி

கசாபிளாங்கா திரைப்படத்தில் கதாநாயகனை விட எனக்கு நெருக்கமானவர், மதுச்சாலையில் மேசைக்கு மேசை ஓடித்திரியும் முதிய பரிசாரகர் கார்ல். மூக்குக்கண்ணாடி, தொங்கும் கன்னங்கள், எவரையும் கடிந்துகொள்ளாத முகம். அந்த வேடத்தில் நடித்தவர் எஸ். இசட். சகால்.

1883இல் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இளம் வயதில் நகைச்சுவை நாடகங்கள் எழுதத் தொடங்கியபோது, வயதில் மூத்தவராகத் தெரிவதற்காகத் தாடி வளர்த்தார். பொன்னிறத் தாடி என்று ஹங்கேரி மொழியில் பொருள்படும் பெயரே அவருடைய மேடைப் பெயராயிற்று. வியன்னாவிலும் பேர்லினிலும் புகழ்பெற்றார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மனியை விட்டு ஊர் திரும்பினார். சில ஆண்டுகளில் ஹங்கேரியிலும் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தன. அறுபதை நெருங்கும் வயதில் மனைவியுடன் அமெரிக்கா சென்றார்.

ஹொலிவூட்டில் அவருடைய தட்டுத்தடுமாறிய ஆங்கிலமே அவருக்குச் சோறுபோட்டது. திகைத்துப்போய்க் கன்னத்தில் கைவைப்பார், அரங்கம் சிரிக்கும். வோர்னர் நிறுவனம் அவருக்குக் கடில்ஸ் என்று குழந்தைகளைக் கொஞ்சுவதுபோல ஒரு பெயர் வைத்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1942இல் வெளியான கசாபிளாங்காவில், அமெரிக்கா புறப்படும் முதிய தம்பதியர் ஆங்கிலம் பேசிப் பழகும் காட்சி ஒன்று உண்டு. நேரத்தைக்கூடப் பிழையாகத்தான் கேட்கிறார்கள். கார்ல் திருத்துவதில்லை, பாராட்டுகிறார். அந்தத் தம்பதியராக நடித்த லுட்விக் ஸ்டோசலும் இல்கா குருனிங்கும் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள். நாஜி அதிகாரியாக நடித்த கொன்ராட் வைட்டும் யூத மனைவியுடன் ஜேர்மனியை விட்டு வெளியேறியவரே.

1944இல் ஜேர்மனி ஹங்கேரியைக் கைப்பற்றியது. சில மாதங்களுக்குள் 4 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் ரயில்களில் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் கொண்டுசெல்லப்பட்ட இடம் அவுஷ்விட்ஸ். போரின் முடிவில் சகாலின் மூன்று சகோதரிகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. வதைமுகாம்கள் அவர்களை விழுங்கிவிட்டன. மனைவியின் உடன்பிறந்தவர்களும் கொல்லப்பட்டார்கள்.

அதற்குப் பிறகும் அவர் நகைச்சுவை வேடங்களிலேயே நடித்தார். 1954இல் வெளியான தன்வரலாற்று நூலின் தலைப்பில் ஹிட்லரின் பெயரையும் வோர்னர் சகோதரர்களின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 1955 பெப்ரவரி 12 அன்று, 72ஆவது பிறந்தநாள் கழிந்து பத்தாம் நாள், மாரடைப்பால் காலமானார்.

எல்லாவற்றையும் இழந்தவர் சிரித்தால், மறந்துவிட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படிச் சொல்பவர்களிடம் நான் சகாலின் கதையைச் சொல்கிறேன்.