கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்

கிருஷ்ணனார் 1898-இல் வத்திராயிருப்பில் தோன்றி, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். கல்கத்தாவில் இராமனுடன் உழைத்து, 1928-இல் இராமன் விளைவு வெளிப்படத் துணைநின்றார். 1930-இல் நோபல் பரிசோ ஆசிரியர் ஒருவரையே சார்ந்தது. டாக்காப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்த கிருஷ்ணனார், நாப்தலீன், ஆந்திரசீன் முதலிய கரிமப் படிகங்களைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, அவற்றின் தட்டையான மூலக்கூறுகள் எத்திசை நோக்கி அமைந்துள்ளன என அளந்தறிந்தார்.

வேளச்சேரி மாடிகளில் இன்று வெயிலை மின்னாக்கும் பலகைகள் பெரும்பாலும் சிலிக்கனால் ஆனவை. கரிமப் பொருளைக் கரைத்து, மைபோற் பூசி உலர்த்தி, வளையத்தக்க சூரிய மின்கலம் ஆக்கவும் அறிஞர் முயல்கின்றனர். அம்மென்படலத்தில் மூலக்கூறுகள் ஒழுங்குற அமைந்தாலன்றி மின்சாரம் நன்கு ஓடாது. கிருஷ்ணனார் ஆராய்ந்த வினாவே இவர்க்கும் வினாவாயிற்று. 1961-இல் மறைந்த அவர் அம்மின்கலத்தைக் கண்டிலர். பரிசு பெறாத உழைப்பும் பிற்காலத்தார்க்கு விளக்காதல் ஒருதலை.