பரசூட்டின் முன்னோடி அந்திரே ஜாக் கார்னெரின்
(1769 – 1823)



மேலே போவது எப்படி என்று சிந்தித்தவர்களை உலகம் விரைவில் நினைவில் வைத்துக்கொள்கிறது. பத்திரமாகக் கீழே வருவது எப்படி என்று சிந்தித்தவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை. பலூனைக் கண்டுபிடித்தவர்கள் யார் எனக் கேட்டால் உங்களிற் பலர் மொன்கோல்பியர் சகோதரர்கள் என்று விடை எழுதிவிடுவீர்கள். பலூனில் உயரச் சென்ற மனிதனையும் பொருளையும் சேதமின்றித் தரைக்குக் கொண்டுவர வழிகாட்டியவர் யார் எனக் கேட்டால் பேனா நின்றுவிடும். அந்த இரண்டாவது வினாவுக்குரிய விடையே அந்திரே ஜாக் கார்னெரின். அவருடைய வாழ்க்கையை நீங்கள் படிக்க வேண்டியது அவருடைய துணிவுக்காக மட்டுமன்று. வெற்றி பெற்ற பின்னரும் தனது முயற்சியில் இருந்த குறையைக் கண்கூடாகக் கண்டவர் அவர். அந்தக் குறை என்ன, அதனைத் தீர்க்க முயன்றோர் எவ்வழிகளில் சென்றனர் என்பதை இப்பாடத்தில் அவதானியுங்கள்.

பிறப்பும் கல்வியும்

கார்னெரின் 1769ஆம் ஆண்டு சனவரி 31ஆம் திகதி பிரான்சின் தலைநகராகிய பாரிசில் பிறந்தார். அவருக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, 1783இல், பலூன் யுகம் தொடங்கியது. அவ்வாண்டிலே மொன்கோல்பியர் சகோதரர்கள் சூடான வளி நிரப்பிய பலூனைப் பறக்கவிட்டனர். அதே ஆண்டு டிசெம்பர் 1ஆம் திகதி பௌதிகவியல் அறிஞர் ஜாக் சாள்ஸ் ஐதரசன் வாயு நிரப்பிய பலூனில் பாரிசிலிருந்து உயரச் சென்றார். வாயுக்களின் கனவளவு பற்றிய சாள்சின் விதிக்குப் பெயர் தந்தவர் இவரே. கார்னெரின் இவரிடம் மாணவராக இருந்து பௌதிகவியல் கற்றார். பலூன் மீதான ஆர்வம் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குத் தொற்றியதில் வியப்பில்லை.

சிறையில் பிறந்த எண்ணம்

பிரெஞ்சுப் புரட்சியைத் தொடர்ந்து ஐரோப்பாவில் போர் மூண்டது. இராணுவத்தில் பரிசோதகராகப் பணிபுரிந்த கார்னெரின் 1793இல் பிரித்தானியப் படையினரிடம் சிறைப்பட்டார். அவர்கள் அவரை ஒஸ்திரியரிடம் ஒப்படைத்தனர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஹங்கேரியிலுள்ள புடா நகரத்துச் சிறையில் அவர் அடைபட்டுக் கிடந்தார்.

உயர்ந்த மதில்களுக்குள் இருப்பவன் எதைப் பற்றிச் சிந்திப்பான்? மதிலிலிருந்து காயமின்றிக் கீழே இறங்குவது எப்படி என்பதே அவருடைய சிந்தனையாயிற்று. விரிந்த துணியொன்று வளியைத் தடுத்து வீழ்ச்சியின் வேகத்தைக் குறைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். சிறையிலிருந்து தப்ப அந்த எண்ணம் அவருக்கு உதவவில்லை. ஆனால் விடுதலையாகி ஊர் திரும்பியபோது அந்த எண்ணமும் அவருடன் திரும்பியது.

இங்கு ஒரு விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். பரசூட்டை முதன்முதலில் எண்ணியவர் கார்னெரின் அல்லர். 1783இல் லூயி செபஸ்தியன் லெனோர்மான் என்னும் பிரெஞ்சுக்காரர் மொன்பெலியே நகரில் கோபுரமொன்றிலிருந்து இத்தகைய கருவியுடன் இறங்கிக் காட்டினார். வீழ்ச்சியிலிருந்து காப்பது எனப் பொருள்படும் பரசூட் என்ற பெயரை வைத்தவரும் அவரே. ஆயினும் அக்கருவி மரச் சட்டத்தில் துணி பொருத்திய விறைப்பான ஒன்றாகும். மரச் சட்டம் இல்லாத துணிப் பரசூட்டைப் பலூனில் தொங்கவிட்டு, வானத்தின் உயரத்திலிருந்து மனிதன் இறங்கலாம் என்பதைச் செய்து காட்டியவர் கார்னெரின் ஆவார்.

1797 ஒக்டோபர் 22

அன்று பாரிசிலுள்ள மொன்சோ பூங்காவில் மக்கள் கூடியிருந்தனர். ஐதரசன் பலூனின் கீழே, மடித்த குடையைப் போல ஒரு பரசூட் தொங்கியது. அதன் கீழே சிறியதொரு கூடை. அக்கூடையில் கார்னெரின் நின்றார். பரசூட்டின் நடுவே ஒரு தண்டும், அதனூடாகப் பலூனுடன் இணைக்கும் கயிறும் இருந்தன. பரசூட்டை விரித்தால் அதன் விட்டம் ஏறத்தாழ 7 மீற்றர். நீங்கள் கணித பாடத்தில் செய்வதுபோல 22/7 ஐ 3.5 இன் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள். 38.5 சதுர மீற்றர் பரப்பளவு கிடைக்கும். ஒரு மனிதனின் உயிர் அந்தத் துணியின் பரப்பிலே தங்கியிருந்தது.

ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தை அடைந்ததும் கார்னெரின் கயிற்றை அறுத்தார். பாரம் நீங்கிய பலூன் மேலே சென்றது. கூடை கீழே விழத் தொடங்கியது. வளி உட்புகுந்ததும் துணி விரிந்தது. பார்த்திருந்தோர் நிம்மதி அடைந்திருக்க வேண்டிய அந்நேரத்தில், கூடை மணிக்கூட்டின் ஊசல் போல இருபுறமும் பயங்கரமாக ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டத்துடனேயே அவர் தரையை அடைந்தார். கூடை நிலத்தில் மோதி இழுபட்டது. எனினும் அவர் பெருங் காயமின்றி எழுந்து வந்தார்.

ஆட்டம் ஏன் ஏற்பட்டது?

வகுப்பில் இவ்வினாவைக் கேட்டால் காற்று அடித்தது என்று சிலர் விடை எழுதுவர். அது போதாது. காரணத்தை இப்படி விளங்கிக்கொள்ளுங்கள். பரசூட் இறங்கும்போது வளி அதன் உட்புறத்தில் அகப்பட்டுக்கொள்கிறது. வெளியேற வழி வேண்டும். துணியில் வேறு வழி இல்லாதபோது வளி ஒரு பக்க விளிம்பால் வழிந்து வெளியேறும். உடனே பரசூட் சரியும். பின்னர் மறுபக்க விளிம்பால் வெளியேறும். அது மறுபக்கம் சரியும். இவ்வாறு மாறி மாறி நிகழ்வதே ஊசலாட்டம்.

இதற்குத் தீர்வு, பரசூட்டின் உச்சியில் சிறிய துளையொன்றை விடுவதாகும். அப்போது வளியின் ஒரு பகுதி நடுவிலே ஒழுங்காக வெளியேறும், விளிம்புகளில் வழிவது குறையும், ஆட்டமும் தணியும். இந்த யோசனையை வானியல் அறிஞர் லலாந்த் கூறினார் என்று சொல்வதுண்டு. உச்சித் துளையுள்ள பரசூட்டை உருவாக்கிய பெருமை கார்னெரினுக்கே வழங்கப்படுகிறது. உயிரைக் காக்கும் துணியில் ஓட்டை போடுவது எவருக்கும் முதலில் அச்சந் தருவதே. ஆனால் வேகத்தைக் குறைப்பது ஒரு தேவை, நிலையாக இறங்குவது இன்னொரு தேவை என்பதைப் பிரித்து அறிந்தால் அச்சம் நீங்கும்.

குடும்பத்தினரின் பங்கு

கார்னெரினிடம் பலூன் கலை பயின்ற ஜான் ஜெனவீவ் லப்ரோஸ் என்ற பெண் 1799 ஒக்டோபர் 12ஆம் திகதி ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்திலிருந்து பரசூட்டில் இறங்கினார். உலகில் பரசூட்டில் இறங்கிய முதற் பெண் இவரே. பின்னர் இவர் கார்னெரினின் மனைவியானார். கார்னெரினின் சகோதரர் மகளான எலிசா என்பவரும் பிற்காலத்தில் பரசூட்டில் இறங்குவதையே தொழிலாகக் கொண்டு புகழ் பெற்றார். பெண்கள் பலூனில் ஏறுவதே தகாது எனப் பலர் எண்ணிய காலம் அது என்பதை மறவாதீர்கள்.

இலண்டன் பயணமும் பின்னடைவும்

1802இல் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே சிறிது காலம் சமாதானம் நிலவியது. அவ்வேளையில் கார்னெரின் இலண்டன் சென்று, செப்ரெம்பர் 21ஆம் திகதி பலூனிலிருந்து பரசூட்டில் இறங்கினார். இங்கிலாந்து கண்ட முதலாவது பரசூட் இறக்கம் இதுவாகும். அன்றும் கூடை கடுமையாக ஆடியது. சென் பங்கிராஸ் பகுதியில் அவர் தரையை அடைந்தபோது பெரிதும் களைத்துப்போயிருந்தார். ஊசலாட்டம் என்னும் குறை ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

1804 டிசெம்பரில் நெப்போலியனின் முடிசூட்டு விழாவை ஒட்டி, அலங்கரித்த பெரிய பலூனொன்றை ஆளில்லாமல் பறக்கவிடும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. வானில் எழுந்த பலூனை இறக்குவதற்கு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. அது காற்று இழுத்த பக்கமெல்லாம் சென்று, ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் உரோமுக்கு அருகிலுள்ள பிராச்சியானோ ஏரியில் விழுந்தது. இதன் பின்னர் கார்னெரின் அரச செல்வாக்கை இழந்தார் என்பர். ஆளை இறக்க வழி கண்டவருக்கு ஆளில்லாப் பலூன் சோதனையாக அமைந்தது.

1823 ஆகஸ்ட் 18ஆம் திகதி பாரிசில் பலூன் ஒன்றைத் தயாரிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தபோது மரக் குற்றியொன்று தாக்கி அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 54. வானத்திலிருந்து பலமுறை உயிருடன் திரும்பியவர், தரையில் வேலை செய்யும் இடத்திலே மாண்டார்.

ஒரே குறை, வேறு தீர்வு

1802இல் இலண்டனில் கார்னெரின் ஆடி ஆடி இறங்கியதைப் பார்த்தவர்களுள் றொபேட் கொக்கிங் என்பவரும் ஒருவர். அந்த ஆட்டத்தைத் தவிர்க்க அவர் வேறு வழியை எண்ணினார். குடையைக் கவிழ்த்துப் பிடிப்பதற்குப் பதிலாக, நிமிர்த்திய கூம்பு வடிவில் பரசூட்டை அமைத்தால் அது ஆடாது என்பது அவர் கருத்து. அக்கருத்தில் உண்மை இருந்தது. ஆனால் அவர் கணித்தபோது பரசூட்டின் சொந்த நிறையைச் சேர்க்க மறந்தார். அதன் திணிவு 100 கிலோகிராமுக்கும் அதிகம். கட்டமைப்பும் பலமாக இருக்கவில்லை. 1837 யூலை 24ஆம் திகதி இலண்டனில் பலூனிலிருந்து பிரிந்ததும் பரசூட் மிக விரைவாக விழுந்து உடைந்தது. கொக்கிங் உயிரிழந்தார்.

மாணவர்களே, கணக்கில் ஒரு பெறுமானத்தை விட்டுவிட்டால் பரீட்சையில் இரண்டு புள்ளிகள் குறையும். கொக்கிங் விட்ட பெறுமானம் அவருடைய உயிரையே எடுத்தது. விடை எழுதிய பின் ஒருமுறை சரிபாருங்கள் என்று ஆசிரியர்கள் ஓயாமல் கூறுவது வெறும் வழக்கத்துக்காக அன்று.

இன்றைய வானில் கார்னெரின்

இன்று வளிமண்டலத்தை ஆராய உலகெங்கும் பலூன்கள் அனுப்பப்படுகின்றன. அவற்றின் கீழே வெப்பநிலை, ஈரப்பதன், அமுக்கம் ஆகியவற்றை அளந்து வானொலி மூலம் தரைக்கு அறிவிக்கும் சிறிய கருவிப் பெட்டி தொங்கும். மேலே செல்லச் செல்ல வெளி அமுக்கம் குறைவதால் பலூன் பருத்துக்கொண்டே போய், ஏறத்தாழ 30 கிலோமீற்றர் உயரத்தில் வெடிக்கும். அங்கே கயிற்றை அறுக்க ஆள் இல்லை, தேவையும் இல்லை. பலூனுக்கும் பெட்டிக்கும் இடையே பரசூட் கட்டப்பட்டிருக்கும். பலூன் வெடித்துப் பெட்டி விழத் தொடங்கியதும் பரசூட் தானாக விரியும்.

30 கிலோமீற்றர் உயரத்தில் வளியின் அடர்த்தி தரை மட்டத்தில் உள்ளதன் நூறில் இரண்டு பங்கிலும் குறைவு. எனவே பரசூட் விரிந்திருந்தாலும் தொடக்கத்தில் பெட்டி மிக வேகமாக விழும். தரையை நெருங்கும்போது செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் இறங்கும் பரசூட், அவ்வுயரத்தில் அதைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு வேகத்தில் விழும். கீழே வர வர வளி அடர்வதால் வேகம் தானாகவே குறையும். வட்ட வடிவப் பரசூட்டுகள் பலவற்றில் உச்சியிலே ஒரு துளையை இன்றும் காணலாம். கார்னெரினின் ஊசலாட்டம் விட்டுச்சென்ற அடையாளம் அது.

செய்து பாருங்கள்: பொலித்தீன் பையை வட்டமாக வெட்டி, எட்டு இடங்களில் சம நீளமுள்ள நூல் கட்டி, சிறிய பாரமொன்றைத் தொங்கவிட்டு மாடியிலிருந்து விடுங்கள். பின்பு உச்சியில் சிறு துளையிட்டு மீண்டும் விடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

மீட்டற் குறிப்புகள்

1. 1783 – லெனோர்மான் மொன்பெலியேயில் கோபுரத்திலிருந்து இறங்கினார்.
2. 1797 ஒக்டோபர் 22 – கார்னெரின் மொன்சோ பூங்காவில் ஏறத்தாழ 1000 மீற்றரிலிருந்து இறங்கினார்.
3. 1799 ஒக்டோபர் 12 – பரசூட்டில் இறங்கிய முதற் பெண் ஜான் லப்ரோஸ்.
4. 1802 செப்ரெம்பர் 21 – இங்கிலாந்தில் முதலாவது பரசூட் இறக்கம்.
5. 1837 யூலை 24 – கொக்கிங்கின் மரணம்.

பயிற்சி வினாக்கள்

1. கார்னெரினின் பரசூட்டுக்கும் லெனோர்மானின் கருவிக்கும் இடையிலான வேறுபாடு யாது?
2. உச்சித் துளை ஊசலாட்டத்தைக் குறைப்பது எவ்வாறு என விளக்குக.
3. கொக்கிங் விட்ட தவறுகள் இரண்டினைக் குறிப்பிடுக.
4. பலூன் வெடித்தவுடன் கருவிப் பெட்டி வேகமாக விழுந்து, பின்னர் மெதுவாக இறங்குவதற்குக் காரணம் தருக.

நான்காவது வினாவுக்கு விடை எழுதும்போது வளி குறைவு என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அடர்த்தி குறைந்தால் தடை விசைக்கு என்ன நேரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காரணத்தை முழுமையாகச் சொல்பவருக்கே முழுப் புள்ளி.