விளக்கொளியில் கற்ற வித்தை

இராஜா இரவிவர்மாவின் பெயரை அறியாதவர் நம்மில் இலர். தாமரைமேல் நிற்கும் திருமகளும், வீணை ஏந்திய கலைமகளும் அவர் தூரிகையில் பிறந்து, அச்சில் ஏறி, ஏழை வீட்டுச் சுவர்வரை வந்து சேர்ந்தனர். அத்தகைய பெருங்கலைஞர் இளமையில் எதற்காக ஏங்கி நின்றார் தெரியுமா? பொன்னுக்கன்று, பொருளுக்கன்று, எண்ணெய் வண்ணத்தைக் கையாளும் முறையை யாரேனும் சொல்லித் தரமாட்டார்களா என்றே ஏங்கி நின்றார்!

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தார். அந்நாடு நமக்குத் தொலைவானதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம், தென்காசி வழியாகச் சென்றால் வரும் செங்கோட்டை, 1956 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது. சிறுவன் வீட்டுச் சுவரில் கரியால் வரைந்த உருவங்களைக் கண்ட தாய்மாமன் இராஜராஜவர்மா அவனைக் கடிந்து கொள்ளவில்லை; தாமே ஓவியப் பாடம் தொடங்கினார். 1862இல், பதினான்கு வயதில், மருமகனைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்றார். ஓவியத்தில் ஆர்வம் மிக்க ஆயில்யம் திருநாள் மகாராஜா அவனை ஆதரித்தார்.

அரண்மனையில் இராமசாமி நாயக்கர் என்ற ஓவியர் இருந்தார். எண்ணெய் வண்ணம் தீட்டுவதில் வல்லவர். ஆனால் அக்கலையை இரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவரான ஆறுமுகம் பிள்ளை என்பவரே, ஆசிரியர் அறியாமல் இரவு வேளைகளில் வந்து அம்முறைகளைச் சொல்லிக் கொடுத்தார் என்று இரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். இருபது வயது இளைஞர் கண்ணையே ஆசிரியராகக் கொண்டு கற்றார்.

அப்படி மறைத்து வைக்க அதில் என்னதான் இருந்தது? நானும் ஓய்வு நேரங்களில் எண்ணெய் வண்ணம் தீட்டுபவன். ஆதலால் அதைச் சிறிது விளக்க விரும்புகிறேன். நீர் வண்ணத்தில் பழகியவனுக்குத் தண்ணீரே துணை. வண்ணம் இளகவும் தண்ணீர், தூரிகை கழுவவும் தண்ணீர். எண்ணெய் வண்ணத்திலோ தண்ணீர் ஒட்டாது. பொடியைக் குழைத்திருப்பது ஆளிவிதை எண்ணெய். அது தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகுகிறது. அதை நீர்க்கச் செய்ய, பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் டர்பன்டைன் வேண்டும். முதற்பூச்சில் டர்பன்டைன் கூடுதலாகவும், மேற்பூச்சுகளில் எண்ணெய் கூடுதலாகவும் இருத்தல் வேண்டும். இம்முறை தலைகீழானால், விரைவில் காயும் மேற்பூச்சு, மெல்லக் காயும் அடிப்பூச்சின்மீது நின்று வெடித்துவிடும். படம் தீட்டிய அன்று ஒரு குறையும் தெரியாது. நாள் சென்ற பின்னரே தெரியும். ஆகவே சொல்லித் தர ஆளில்லாதவன் இதைத் தானே கண்டறிய ஆண்டுகள் பல ஆகும்.

எனக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தவர் எங்கள் ஊரில் கடைப் பெயர்ப் பலகை எழுதிவந்த பெரியவர் ஒருவர். தூரிகையைத் துணியில் நன்கு துடைத்து, டர்பன்டைனில் அலசி, பின்பு சோப்பும் நீரும் இட்டுக் கழுவுவார். அழுக்கான டர்பன்டைனைக் கொட்டமாட்டார். ஓரிரவு அசையாமல் வைத்தால் வண்ணம் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை இறுத்து மறுபடி பயன்படுத்துவார். அதன் நெடி தலைவலி தரும் என்பதால் சன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார். நெடி ஒவ்வாதவர்க்கு வேறு வழியும் காட்டினார்: ஆளிவிதை எண்ணெயிலேயே தூரிகையை அலசித் துடைத்துச் சோப்பிட்டுக் கழுவினால் போதும். தேங்காயெண்ணெய் கொண்டும் வண்ணத்தை எடுக்கலாம். ஆனால் அது இறுகாத எண்ணெய். ஒரு துளி தூரிகையில் தங்கினாலும் அடுத்த படத்தில் வண்ணம் காயாது. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைக் குவித்து வைத்தால் தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதையும் அவரிடமே அறிந்தேன். அவற்றைத் தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துவார். ஒரு காசும் அவர் கேட்டதில்லை. ப்ளெக்ஸ் பலகைகள் வந்தபின் அவருக்கு வேலை குறைந்துபோனது. வித்தையைக் கேட்க வருவோரும் குறைந்துவிட்டனர்.

இரவிவர்மாவின் கதைக்குத் திரும்புவோம். அரிதிற் கற்ற வித்தை அவரைக் கைவிடவில்லை. 1870இல் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தாரின் உருவப்படத்தைத் தீட்டினார். 1873இல் சென்னைக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றார். அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் பரிசு கிடைத்தது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்கள் சென்றன. அங்கும் விருது பெற்றார். தம்பி இராஜராஜவர்மா அவருடன் இணைந்தே தீட்டினார். தங்கை மங்களாபாயும் ஓவியரானார். 1894இல் பம்பாய் காட்கோபரில் வண்ண அச்சகம் தொடங்கினார். அரசர் மட்டுமே கண்ட படங்களைக் குடியானவனும் கண்டான். அச்சகம் கடனில் தள்ளாடி, 1901இல் செருமானியர் ஒருவருக்கு விற்கப்பட்டது. ஆயினும் படங்கள் பரவுவது நிற்கவில்லை. நம் அண்டை ஊரான சிவகாசியில் அச்சாகும் தெய்வப் படக் காலண்டர்களும் அந்த மரபின் கிளைகளே. 1905இல் தம்பியை இழந்த இரவிவர்மா, 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் மறைந்தார்.

நாயக்கரை நான் பழிக்கமாட்டேன். அரண்மனையில் ஓர் ஓவியரின் சோறு அவர் வித்தையில் இருந்தது. அதை இளைஞன் ஒருவனுக்கு ஈந்தால் தம் இடம் என்னாகும் என அஞ்சியிருக்கலாம். ஆனால் அதே அச்சத்திற்கு இன்னும் அதிகக் காரணம் உடையவர் ஆறுமுகம் பிள்ளை. கண்டுபிடித்தால் ஆசிரியரின் சினத்திற்கு ஆளாக வேண்டியவர் அவரல்லவா? அவர் தீட்டிய படம் எதையும் நாம் சுட்டிக் காட்டுவதில்லை. எனினும் இரவிவர்மாவின் ஒவ்வொரு படத்திலும் அவர் கை கலந்திருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

மாணவ நண்பர்களே! நம் ஊர்த் தெருக்களில் வித்தை தெரிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் மறைக்கவில்லை, நாம்தாம் கேட்பதில்லை. இரவிவர்மா இரவில் ஒளிந்து கற்றதை நாம் பகலில் கேட்டே கற்கலாம். கற்றதை அடுத்தவருக்குச் சொல்லியும் கொடுப்போமாக!