இயந்திரம் ஏன் நிற்கிறது?

பணமும் வங்கியியலும் என்னும் பாடத்தைக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்தவன் நான். வங்கியின் இருப்புநிலைக் குறிப்பை வகுப்பில் விளக்கும்போது, அதிலுள்ள எண்கள் நிலையானவை என்று எடுத்துக்கொண்டே பேசுவோம். அந்த எண்கள் இன்று காகிதத்தில் இல்லை. எங்கோ ஒரு தரவு மையத்தில் சுழலும் வட்டுகளில் இருக்கின்றன. அந்த மையத்தில் மின்சாரம் தடைப்படலாம்; தீப்பிடிக்கலாம்; வெள்ளம் புகலாம். ஆயினும், மறுநாள் காலை நமது சேமிப்புக் கணக்கில் நேற்றைய தொகை அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் உறங்கச் செல்கிறோம். இந்த நம்பிக்கைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே என்னும் ஜிம் கிரே. கணினித் துறையினர் அவரை நன்கறிவர். பொருளியல் துறையினரும் அவரைத் தம்மவராகக் கொண்டாடியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கிரே 1944 ஜனவரி 12 அன்று அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். தாயார் ஆசிரியை. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1966-இல் இளநிலைப் பட்டமும், 1969-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை வழங்கிய முதல் முனைவர் பட்டம் அவருடையதே. பின்னர் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்து, 1970-களில் அதன் சான் ஹோசே ஆய்வகத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற திட்டத்தில் பணியாற்றினார். இன்று உலகெங்கும் புழங்கும் தரவுத்தள மென்பொருள்களுக்கெல்லாம் மூதாதை என்று அத்திட்டத்தைச் சொல்லலாம்.

அங்கே கிரே எதிர்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள, கணினி அறிவு தேவையில்லை. ஒருவர் கணக்கிலிருந்து 5,000 ரூபாயைக் கழித்து மற்றொருவர் கணக்கில் சேர்க்க வேண்டும். கழித்தாகிவிட்டது, சேர்ப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. அந்த 5,000 ரூபாய் யாருடையது? ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் பணம் அனுப்பும் இடத்தில் இக்கேள்விக்கு விடையில்லையெனில், கணினியை நம்பி எந்த வங்கியும் தொழில் நடத்த இயலாது.

இதற்கான விடை நம் பழைய கணக்கப்பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். அவர்கள் எந்த வரவு செலவையும் முதலில் நாளேட்டில் எழுதுவார்கள். அதன் பின்னரே பேரேட்டில் பெயர்த்தெழுதுவார்கள். எழுதியதை அழிக்க மாட்டார்கள். தவறு நேர்ந்தால் எதிர்ப்பதிவு இட்டுச் சரிசெய்வார்கள். பேரேடு சிதைந்தாலும் நாளேட்டைக் கொண்டு அதை மீண்டும் உருவாக்கிவிடலாம். கணினியும் இவ்வாறே நடக்க வேண்டும்: எந்தக் கணக்கையும் மாற்றுவதற்கு முன்பாக, என்ன மாற்றப் போகிறோம் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதிப் பத்திரப்படுத்திவிட வேண்டும். மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் அப்பதிவேட்டைப் படிக்கும். நிறைவுற்ற பரிவர்த்தனைகளை மீண்டும் செய்து முடிக்கும். பாதியில் நின்றவற்றைச் சுவடின்றி நீக்கும். கணக்கர்களின் இந்த மரபைக் கிரே தம் கட்டுரையிலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். பரிவர்த்தனைப் பதிவின் வரலாற்றைச் சுமேரியர்களின் களிமண் பலகைகளிலிருந்து தொடங்கிச் சொல்வதும் அவருக்குப் பிடித்தமானது. வெவ்வேறு இடங்களிலுள்ள இரு கணினிகள் ஒரே பரிவர்த்தனையில் பங்கேற்கும்போது என்ன செய்வது என்பதற்கு அவர் திருமணத்தை உவமை சொன்னார். பாதிரியார் மணமக்கள் இருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேட்கிறார். இருவரும் இசைந்த பின்னரே மணம் முடிந்ததென அறிவிக்கிறார். ஒருவர் மறுத்தாலும் மணம் இல்லை.

1980-இல் கிரே ஐபிஎம்மை விட்டு டாண்டெம் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். இருவர் சேர்ந்து மிதிக்கும் மிதிவண்டிக்கு ஆங்கிலத்தில் டாண்டெம் என்று பெயர். நிறுவனத்தின் கொள்கையும் அதுவே. ஒவ்வொரு பாகமும் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று நின்றால் மற்றொன்று தொடரும். வங்கிகளும் பங்குச் சந்தைகளும் அதன் முக்கிய வாடிக்கையாளர்கள். அங்கே பணியாற்றிய பத்து ஆண்டுகளில் கிரே எழுதிய ஓர் அறிக்கையே, என் பார்வையில், அவர் நமக்கு விட்டுச்சென்றவற்றில் மிகுந்த பயனுடையது. கணினிகள் ஏன் நிற்கின்றன என்பதை ஆராய்ந்து 1985-இல் வெளியானது அது.

கிரே ஊகிக்கவில்லை, எண்ணினார். வாடிக்கையாளர்களின் இயந்திரங்கள் நின்றுபோன நிகழ்வுகளைத் திரட்டி, காரணம் வாரியாகப் பிரித்தார். புதிதாக நிறுவியவற்றின் தொடக்கக் கோளாறுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது, இயந்திர பாகங்களின் பழுதால் நின்றவை 18 விழுக்காடு மட்டுமே. மின்தடை, தகவல்தொடர்புத் துண்டிப்பு போன்ற புறக்காரணங்கள் 14 விழுக்காடு. மென்பொருள் பிழைகள் 25 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி, அதாவது 42 விழுக்காடு, நிர்வாகத்தினால் வந்தவை: இயக்குபவரின் தவறு, அமைப்பை மாற்றும்போது நேர்ந்த பிழை, பராமரிப்பின்போது நடந்த குளறுபடி. இத்தகைய தவறுகள் முழுமையாக அறிக்கைக்கு வருவதில்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார். தன் கை தவறியதால் வங்கி நின்றது என்று எழுதிக் கொடுப்பவர் எங்கும் குறைவுதானே!

இரண்டு இயந்திரங்களிலும் ஒரே மென்பொருள் ஓடினால், முதலாவதை வீழ்த்திய பிழை இரண்டாவதையும் வீழ்த்தாதா? நானும் முதலில் இப்படித்தான் ஐயுற்றேன். இதற்கும் அந்த அறிக்கையில் விடை உண்டு. நன்கு சோதிக்கப்பட்ட மென்பொருளில் எஞ்சியிருக்கும் பிழைகள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கணத்தின் தற்செயல் சேர்க்கையால் தோன்றுபவை. மறுமுறை அதே வேலையைச் செய்தால் தோன்றுவதில்லை. எனவே, மற்றோர் இயந்திரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் வேலை நடந்துவிடும்.

இரண்டு இயந்திரங்களும் ஒரே கட்டடத்தில் இருந்தால், நிலநடுக்கம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். கலிஃபோர்னியாவில் வாழ்ந்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே, இரட்டையில் ஒன்றைத் தொலைதூர நகரில் வைக்க வேண்டும் என்று கிரேயும் அவர் சகாக்களும் வலியுறுத்தினர். தரவு முழுவதையும் ஒவ்வொரு முறையும் அனுப்ப வேண்டியதில்லை. முன்சொன்ன பதிவேட்டை மட்டும் தொடர்ந்து அனுப்பினால் போதும். தொலைவிலுள்ள இயந்திரம் அதைப் படித்து, ஒவ்வொரு மாற்றத்தையும் தன்னிடமும் செய்துகொண்டே வரும். முதன்மை மையம் வீழ்ந்த கணத்தில் அது பொறுப்பேற்கும். பேரிடர் மீட்புக்கெனக் காத்திருக்கும் இந்த மாற்றுத் தரவுத்தளம், இன்று எல்லாப் பெரிய தரவுத்தள மென்பொருள்களிலும் ஓர் அங்கமாக விற்கப்படுகிறது.

பொருளியல் மாணவனை ஈர்க்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. தொலைவிலுள்ள இயந்திரம் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும்வரை காத்திருந்தால், ஒரு ரூபாயும் தொலையாது. ஆனால், தொலைவுக்கேற்ப ஒவ்வொரு பரிவர்த்தனையும் தாமதமாகும். காத்திராமல் அனுப்பிக்கொண்டே இருந்தால் வேகம் குறையாது. ஆனால், பேரிடரின்போது கடைசிச் சில நொடிகளின் பரிவர்த்தனைகள் வந்து சேராமல் போகலாம். எத்தனை நொடி இழப்பைத் தாங்கலாம், எவ்வளவு நேரம் மூடியிருக்கலாம் என்பவற்றை விலையிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு வங்கிக்கும் ஒரு நூலகத்துக்கும் இவ்விடை ஒன்றாக இருக்க முடியாது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மாற்றுத் தரவுத்தளம் மிக விசுவாசமான ஊழியன். முதன்மை இயந்திரத்தில் ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையையே அழித்தால், அதுவும் அடுத்த நொடி அழித்துவிடும். கிரேயின் கணக்கில் பெரும்பங்கு மனிதத் தவறுகளுக்குரியது என்பதை நினைவில் கொண்டால் இந்த ஆபத்தின் அளவு விளங்கும். அதனால்தான், மாற்று இருந்தாலும் பழைய நகல்களைத் தனியே பாதுகாக்க வேண்டும் என்கிறார்கள்; சிலர், சில மணி நேரம் வேண்டுமென்றே பின்தங்கிவரும் இன்னொரு மாற்றையும் வைத்திருக்கிறார்கள்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில் மாணவர்களின் கல்வி உதவித்தொகை விவரங்கள் ஒரு கணினியில் இருந்தன. நகல் எடுத்துவைக்கும் வழக்கமும் தவறாமல் நடந்தது. அந்த நகல்கள் அதே அறையில், அதே கணினிக்குப் பக்கத்து இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் அறையில் நீர் புகுந்து இரண்டும் சேர்ந்தே போயின. உதவித்தொகை வர ஏழை மாணவர்கள் பல மாதம் காத்திருந்தனர். யாரும் எதையும் மீறவில்லை. விதிப்படி நகல் இருந்தது. அதைக் கொண்டு மீட்டுப் பார்க்க ஒருவரும் ஒருநாளும் முயன்றதில்லை.

ஒத்திகை பார்க்கப்படாத மாற்று, செலவுக் கணக்கில் மட்டுமே இருக்கும் மாற்று. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்ட தகவல்தொழில்நுட்ப நிர்வாக நெறிமுறை, முக்கிய அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒருமுறையேனும் பேரிடர் மீட்பு ஒத்திகை நடத்த வேண்டும் என்கிறது. மாற்று மையத்திலிருந்தே ஒரு முழு வேலை நாளாவது தொழில் நடத்திப் பார்க்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. வரவேற்கத்தக்க விதி இது. கூட்டுறவுச் சங்கங்கள், அரசு அலுவலகங்கள், பல்கலைக்கழகத் தேர்வுத் துறைகள் ஆகியவையும் இதே கண்டிப்புக்கு உட்பட்டால்தான் சாமானியரின் ஆவணங்கள் பிழைக்கும்.

கிரேயின் சிக்கன உணர்வு தனிச்சுவை உடையது. 1987-இல் அவர் தம் சகா ஒருவருடன் சேர்ந்து வகுத்த ஐந்து நிமிட விதி, எந்தத் தரவை விலை மிகுந்த நினைவகத்தில் வைப்பது, எதை மலிவான வட்டில் வைப்பது என்ற கேள்விக்கு விலைகளைக் கொண்டே விடை கண்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையேனும் தேவைப்படும் தரவு நினைவகத்தில் இருக்கட்டும் என்பது அன்றைய விலைக்கு வந்த விடை. இறுதிநிலைப் பகுப்பாய்வு கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. 1985-இல் வேறு இருபதுக்கும் மேற்பட்டோரை இணைத்துக்கொண்டு, பெயரிலியாக அவர் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, கணினிகளின் பரிவர்த்தனைத் திறனை அளக்கும்போது விலையையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்றது. பிற்காலத்தில், பெருந்தரவை இணையத்தில் அனுப்புவதைவிட, வட்டுகள் நிறைந்த கணினியையே பெட்டியில் கட்டி அஞ்சலில் அனுப்புவது மலிவு என்று கணக்கிட்டு, அவ்வாறே அனுப்பவும் செய்தார்.

1990-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்துக்கும், 1995-இல் மைக்ரோசாஃப்டுக்கும் சென்றார். ஆண்ட்ரியாஸ் ராய்ட்டருடன் அவர் எழுதிய பரிவர்த்தனைச் செயலாக்கம் பற்றிய பெருநூல் இன்றும் பாடநூலாக உள்ளது. கணினித் துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருது 1998-ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது. விருது பெற்றவர் ஓய்ந்துவிடவில்லை. வானியலாளர் அலெக்ஸ் ஸாலேயுடன் சேர்ந்து, விண்மீன்களையும் விண்மீன் மண்டலங்களையும் பற்றிய அளவைத் தரவுகளைப் பள்ளி மாணவரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்.

2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. அண்மையில் மறைந்த தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, 'டெனேஷியஸ்' என்னும் தம் 40 அடிப் பாய்மரப் படகில் கிரே தனியாகப் புறப்பட்டார். சான்பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே உள்ள ஃபராலன் தீவுகளை நோக்கிச் சென்றார். வானிலை நன்றாக இருந்தது. அவர் தேர்ந்த படகோட்டி. மாலையில் திரும்பவில்லை. ஆபத்து அழைப்பு ஏதும் வரவில்லை. அவசரக் கருவியின் சமிக்ஞையும் வரவில்லை.

கடலோரக் காவல் படை நான்கு நாள்கள் தேடி நிறுத்தியது. அவருடைய நண்பர்கள் நிறுத்தவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் செயற்கைக்கோள்கள் அக்கடற்பரப்பைப் படமெடுத்தன. படங்களைச் சிறு துண்டுகளாக்கி இணையத்தில் இட்டபோது, முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே ஒவ்வொரு துண்டிலும் ஒரு வெண்புள்ளியைத் தேடினர். பிப்ரவரி 16 அன்று அம்முயற்சியும் நின்றது. பின்னர் குடும்பத்தினர் கடலடியிலும் தேடச் செய்தனர். 2012-இல் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தது. படகின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.